ஒண்ணால பெருக்கின நாளெல்லாம்

இல்லைங்க, டீச்சர் இல்லை. ஆஸ்பத்திரியில கணக்குப் போடறவ. பில் கணக்கு இல்லை, அதுக்கு வேற ஆளு இருக்காங்க. உங்க பொண்ணோட புஸ்தகம் கண்ணுல பட்டுது, அதான் ஒரு வார்த்தை கேட்டேன். இன்டெக்ரேஷன்தானே? குட்டிக் குட்டியா நறுக்கிக் கூட்டறது. எங்களது அதுக்குப் பங்காளி. நறுக்கறது அதே மாதிரிதான், ஆனா கூட்ட மாட்டோம், பெருக்குவோம். எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. வீட்டுலயும் பெருக்கறே, ஆபீஸ்லயும் பெருக்கறே, சம்பளம் மட்டும் ஏன் பெருக மாட்டேங்குதுன்னு.

எதுக்குப் பெருக்கறதா? இந்த பஸ்ஸையே எடுத்துக்குங்க. பத்து பேரு ஏறினோம். முதல் ஸ்டாப்புல ஒருத்தர் இறங்கினா பத்துல ஒன்பது பங்கு மிச்சம். அடுத்த ஸ்டாப்புல அந்த ஒன்பதுல மூணு பேரு இறங்கினா மூணுல ரெண்டு பங்கு மிச்சம். ரெண்டையும் பெருக்குங்க, பத்துக்கு ஆறு. புது மருந்து சாப்பிடறவங்களை அப்படித்தான் பார்க்கறோம், இன்னும் எவ்வளவு பேரு உசுரோட இருக்காங்கன்னு. நாள் நாளா பெருக்கிட்டே போனா ஒரு கோடு வரும். யாராவது தவறிட்டா கோடு ஒரு படி இறங்கும்.

இதுல ஒரு வேடிக்கை. கூட்டல்ல, ஒண்ணும் நடக்கலைன்னா பூஜ்யம். எங்க கணக்குல ஒண்ணும் நடக்காத நாளுக்கு ஒண்ணு. ஒண்ணால பெருக்கினா எதுவும் மாறாதில்லையா? அதைவிட நல்ல நாள் கிடையாதுங்க. பூஜ்யம் கூட்டல்ல சாது, வந்ததே தெரியாது. பெருக்கல்ல ஒரு தடவை வந்தா போதும், அதுவரைக்கும் பெருக்கினதெல்லாம் போச்சு. ஒரே ஒருத்தர் மிச்சமிருந்து, அவரும் தவறினாத்தான் அது வரும்.

இப்ப ஒருத்தர்தான் மிச்சம். செக்கப்புக்கு வரலை. அவருக்கு என்ன போடறதுன்னு இன்னிக்கு நான் முடிவு பண்ணியாகணும். பாதியில ஊர் மாறிப் போறவங்க, போன் எடுக்காதவங்கல்லாம் உண்டு. மூணு தடவை கூப்பிட்டும் எடுக்கலைன்னா, தொடர்பு விட்டுப்போச்சுன்னு கோட்டு மேல ஒரு சின்னப் புள்ளி வெச்சுடுவோம். கோடு இறங்காது, நின்ன உயரத்துலயே நிக்கும். இருக்காரா இல்லையான்னு கணக்கு கேட்காது. எங்க பெரிய டாக்டருக்கும் அதுதான் பிடிக்கும். கோடு தரையைத் தொட்டா பார்க்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் பாருங்க. அந்த ஒருத்தருக்கு நேத்து ரெண்டு தடவை போன் பண்ணியிருக்காங்க, எடுக்கலை.

யாருன்னா? பேரெல்லாம் எங்களுக்குத் தர மாட்டாங்க, நம்பர்தான். ஆனா இந்த நம்பரை மட்டும் எனக்குத் தெரியும். ஆபீஸ்ல மூச்சு விடலை. சொல்லியிருந்தா அந்தக் கோட்டை வேற யார் கையிலயாவது குடுத்திருப்பாங்க. தினம் காலையில வந்ததும் முதல் வேலையா அவருக்கு ஒரு ஒண்ணு போடுவேன். அதுக்கப்புறம்தான் டீ.

இல்லைங்க, நல்லாத்தான் இருக்கேன். தூக்கமில்லை, அவ்வளவுதான். அழுகையும் வரலை. கால் பாட்டுக்கு பஸ் ஸ்டாப்புக்கு வந்துடுச்சு, நானும் ஏறி உட்கார்ந்துட்டேன்.

ஆமா, என் பையிலதான் அடிக்குது. என் போன் இல்லைங்க, எங்க வீட்டுக்காரரோடது. ஆபீஸ்லேர்ந்துதான் இருக்கும். இது மூணாவது தடவை. எடுக்காம விட்டா புள்ளியோட நின்னுடும், கோடு அப்படியே இருக்கும்.

இல்லைங்க, அவருகிட்ட எங்க குடுக்கறது? முந்தாநாளே எல்லாம் முடிஞ்சு போச்சு. கொஞ்சம் இந்தப் பையைப் பிடிங்க.

ஹலோ. ஆமாங்க, அவரு சம்சாரம்தான் பேசறேன்.