முன்னாடியா, பின்னாடியா

இல்லம்மா, மேடையெல்லாம் எனக்கு ஒத்து வராது. கீழயே ஒரு நாற்காலி போட்டுடுங்க, உட்கார்ந்து கையைத் தட்டிட்டு வந்துடறேன். விருது அவருக்குத்தானே, எனக்கா? ஜோடியா நின்னாத்தான் போட்டோ நல்லா வரும்னு உங்க விழாக்குழுத் தலைவர் சொல்லி அனுப்பியிருப்பாரு. அதுக்கு நீ என்ன பண்ணுவே, பாவம். சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. டீயைக் குடி, உன் கைக்கிட்டதான் வச்சிருக்கேன். ஐயோ, தட்டுல கொட்டியிருக்கா? துடைச்சுடும்மா, துணி அங்கதான் கிடக்கும். மேடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னு கூப்பிடு. இந்த வீட்டுக்கு வர்றவங்க அம்மா அம்மான்னு கூப்பிட்டே என்னைக் கிழவியாக்கிட்டாங்க.

அழைப்பிதழ் நல்லா அடிச்சிருக்கீங்க. தாளு வழவழன்னு இருக்கு, கையை விட்டுக் கீழ வைக்க மனசு வரலை.

என்னவோ கேட்டியே. ஆங், அவரைப் பத்தி மேடையில படிக்க நாலு வார்த்தை. நான் சொல்றேன், எழுதிக்கோ. ஆனா சொல்றதையெல்லாம் படிச்சுடாதே, ஆமா.

அவரு சர்க்கரை டாக்டரானதுக்குக் காரணமே என் மாமனார்தான். பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சுடுவாராம். ஆனா டாக்டர்கிட்ட போனா அவரே டிக்கெட் எடுக்காத ஆளு. டெஸ்ட்டுன்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே வாயைக் கட்டிடுவாரு. பட்டினி கிடந்து, தெருத்தெருவா நடந்து, அப்புறம்தான் போய் ரத்தம் குடுப்பாரு. சர்க்கரை நல்லா இருக்குன்னு சீட்டு வரும். சீட்டை வாங்கிட்டு நேரா மிட்டாய்க் கடைக்குத்தான் போவாரு. டாக்டரை ஏமாத்திட்டோம்னு அப்படி ஒரு குஷி. டாக்டர் ஏமாந்தாரு, காலு ஏமாறுமா? முதல்ல ஒரு விரல் போச்சு, அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழ மொத்தமும். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்துக்கிட்டு, என் சீட்டையெல்லாம் எடுத்துப் பாருடா, ஒண்ணுலயாவது சர்க்கரை இருக்கான்னு மகன்கிட்ட சண்டை போட்டாராம். இவரு அப்ப படிச்சுக்கிட்டிருந்த பையன். அன்னிக்கு ஏறின வெறிதான் இன்னும் இறங்கலை.

மனுஷன் பொய் சொல்லுவான், ரத்தம் பொய் சொல்லாது. அவரு எங்க போனாலும் சொல்ற வசனம் இது, நீ கூடக் கேட்டிருப்பே. அழைப்பிதழ்லயே இருக்கா? ஆமா ஆமா, பார்த்தேன்.

அந்தக் காலத்துல எப்படின்னா, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க, பின்னாடி ஒரு தடவை எடுப்பாங்க. அதனால அவரு வாயைத் திறந்தா முன்னாடியா பின்னாடியாதான். கல்யாணமான புதுசுல, தலை வலிக்குதுங்கன்னு சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னாரு. உங்களைக் கட்டிக்கிட்டதுக்குப் பின்னாடின்னேன். மனுஷன் பேந்தப் பேந்த முழிச்சாரே தவிர சிரிக்கலை. எங்க வீட்டுல கெட்ட சேதிக்குக் கூட ஒரு நேரம் உண்டு, அவரு சாப்பிட்டதுக்குப் பின்னாடி. பசியில கேட்டா தாங்க மாட்டாரு. எங்க பொண்ணு கணக்குல கோட்டை விட்டுட்டு வந்தா, சமையல்கட்டுல வந்து நின்னு, இப்ப முன்னாடியா பின்னாடியாம்மான்னு என்னைத்தான் கேட்பா.

அப்புறம்தான் இந்த மூணு மாச டெஸ்ட் வந்துச்சு. அதை அவரு கண்டுபிடிக்கலை, அதை மட்டும் தப்பா எழுதிடாதே. வேற யாரோ எப்பவோ கண்டுபிடிச்சது. அவரு அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தாரு. கைக்கடக்கமா ஒரு மெஷின், விரல்ல ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். மூணு மாசமா ஒடம்புல எவ்வளவு சர்க்கரை ஓடுச்சுன்னு காட்டிக் குடுத்துடும். ரெண்டு நாள் பட்டினி கிடந்தெல்லாம் அதை ஏமாத்த முடியாது. சாப்பாட்டுக்கு முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம், வேலைக்குப் போற வழியில விரலை நீட்டிட்டுப் போகலாம். முதல் முகாம் எங்க போட்டாரு தெரியுமா? அவங்கப்பா வேலை பார்த்த அதே பஸ் டெப்போவுல. அப்புறம் ஃபேக்டரி வாசல், சந்தை, பள்ளிக்கூட மைதானம்னு போகாத இடமில்லை. நானும் கூடவே போவேன். அவரு குத்துவாரு, நான் பஞ்சு வைப்பேன். அந்த டெப்போ போட்டோ உன் தலைக்கு மேலயே மாட்டியிருக்கு பாரு, பஞ்சு டப்பாவை இடுப்புல இடுக்கிக்கிட்டு நிக்கறது நான்தான்.

இல்லையா? ஆணி மட்டும்தான் இருக்கா? ஓ, உங்க ஆளுங்க கண்காட்சிக்குக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஆமா, சொன்னாங்க, மறந்துட்டேன்.

அந்த முகாம் கணக்கை எல்லாம் வச்சு அவரு எழுதின கட்டுரைங்கதான் அவரைத் தூக்கி நிறுத்துச்சு. வெளிநாடு, பேராசிரியர் பட்டம், ஆராய்ச்சி நிலையம்னு அடுத்தடுத்து வந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, எத்தனையோ பேரு காலை, எத்தனையோ பேரு கண்ணைக் காப்பாத்தியிருக்காரு. வழியில நிறுத்திக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. இதை எழுதிக்கோ, இது சத்தியம்.

இதை எழுதாதே. ஒரு மாநாட்டுல வயசான ரத்த டாக்டர் ஒருத்தர் எழுந்து, ஐயா, எல்லார் ரத்தமும் ஒரே மாதிரி இல்லை, சில பேருக்கு இந்த டெஸ்ட் தப்பாக் காட்டும், பழைய டெஸ்ட்டையும் விட்டுடாதீங்கன்னாரு. இவருக்கு வந்துச்சே கோவம்! எங்கேயோ இருக்கற அபூர்வத்தைக் காட்டி என் ஜனங்களுக்குத் தப்பிக்க வழி காட்டாதீங்க, எங்கப்பாவும் இப்படித்தான் சாக்குச் சொல்லிச் செத்தாருன்னு, அந்த மனுஷனைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாரு. ஹாலே கை தட்டுச்சு. நானும்தான் தட்டினேன். அப்புறம் எந்தக் கூட்டத்துலயும் யாரும் எழுந்திருக்கலை.

என்னம்மா, பேச்சையே காணோம்? எழுதற சத்தமும் கேட்கலை. என் கையையா பார்த்துக்கிட்டிருக்கே?

அழைப்பிதழைத் தலைகீழாப் பிடிச்சிருக்கேனா. எவ்வளவு நேரமா? நீ குடுத்ததுலேர்ந்தா! சொல்லியிருக்கலாமே. மரியாதைக்குச் சொல்லலையா? நல்லா இருக்கு போ. இந்த வீட்டுல எல்லாரும் மரியாதைக்குத்தான் எதையும் சொல்றதில்லை.

கண்ணு தெரியலம்மா. இடது சுத்தமாப் போயிடுச்சு. வலதுல புகைக்குள்ள பார்க்கற மாதிரி ஏதோ கொஞ்சம். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கறதால ஆளு இருக்குன்னு தெரியுது, அவ்வளவுதான். இந்த வீடு எனக்கு அத்துப்படி, அதனால சமாளிச்சுக்கறேன். வெளியில போறதை விட்டுட்டேன். முழங்கால் வலின்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஆமா, சர்க்கரைதான். சிரிப்பு வந்தா சிரிச்சுடு. விளக்குக்கு அடியில இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?

டெஸ்ட் பண்ணாம எப்படி இருப்பாரு! வருஷா வருஷம் என் பிறந்த நாளுக்குப் பூவும் துணியும் வருதோ இல்லையோ, ஊசி வந்துடும். அவரே குத்துவாரு. நம்பர் அவ்வளவு அழகா வரும். போற முகாமுக்கெல்லாம் என் நம்பரைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பாரு. கால் மரத்துப் போகுதுங்கன்னேன், செருப்பை மாத்துன்னாரு. கண்ணுல புகை மாதிரி இருக்குன்னேன், புரையா இருக்கும், விழா முடியட்டும் எடுத்துடலாம்னாரு. ஒரு தடவை வாயை விட்டே கேட்டேன், எனக்குச் சர்க்கரையா இருக்குமோன்னு. மெஷினைத் திருப்பிக் காட்டி, உன் ரத்தத்தை விட உனக்கு அதிகம் தெரியுமான்னாரு.

அப்புறம் என் தங்கச்சிதான் அடம்பிடிச்சு ஒரு கண் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனா. போனா, அந்த டாக்டரு எங்க வீட்டுக்காரர்கிட்டப் படிச்சவர். கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தாரு, அப்படியே எழுந்து நின்னுட்டாரு. உடனே அதே பழைய டெஸ்ட், சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டும் எகிறிக் கிடந்துச்சு. அப்புறம் இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாரு. அதுலதான் தெரிஞ்சுது, எனக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. சிவப்பணு சீக்கிரமே செத்துப் புதுசு வந்துடுமாம். அதுல சர்க்கரை நல்லா ஒட்டறதுக்குள்ள அது போயே போயிடுது. மூணு மாசக் கணக்குச் சொல்லணும்னா மூணு மாசம் உயிரோட இருக்கணுமில்ல? என் ரத்தத்துல அப்படி யாரும் தங்கறதில்லை. எங்கம்மா வழியில எல்லாருமே வெளிறிப் போய்த்தான் இருப்போம். சிகப்பா இருக்கோம்னு அதுக்குப் பெருமை வேற.

அம்மா, உங்க ரத்தமே பொய் சொல்லுதும்மான்னு சொல்லிட்டு அந்தத் தம்பி அழுதுடுச்சு. மாத்திரை குடுத்திருக்காரு. மாவு டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன். சர்க்கரை டாக்டர் வீட்டுல சர்க்கரை மாத்திரையை ஒளிச்சு வச்சுத் திங்கறவ உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

தெரியாதும்மா. அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. டம்ளரை உடைச்சா, வயசாகுதுடி உனக்குன்னு கேலி பண்றாரு. ஒரே கட்டில்ல படுத்திருக்கறவ கண்ணு போனது தெரியலையேன்னு எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும். ராத்திரி சாப்பிட்டு எழுந்திருக்கட்டும், இன்னிக்குப் போட்டு உடைச்சுடணும்னு இருப்பேன். சாப்பிட்டுட்டு நேராப் போய் அவங்கப்பா படத்துக்கு முன்னாடி நின்னு, அப்பா, இன்னிக்கு இத்தனை பேரைப் பிடிச்சோம்னு சொல்லுவாரு, சின்னப் பையன் மாதிரி. நான் எச்சில் தட்டை எடுத்துக்கிட்டுச் சமையல்கட்டுக்குப் போயிடுவேன்.

அந்தக் கண் டாக்டர் ஏன் அவருகிட்டச் சொல்லலைன்னா கேட்கறே? நல்லாக் கேட்டே. எங்க சார்கிட்ட நான் எப்படிம்மா போய்ச் சொல்றதுங்கறாரு. என்னை மாதிரி இன்னும் சில பேரு அவருகிட்ட வந்திருக்காங்களாம், கண்ணைத் தொலைச்சுட்டு. எல்லார் பையிலயும் எங்க முகாம் அட்டை இருக்குதாம், சர்க்கரை இல்லைன்னு போட்டு. அந்த விரலுக்கெல்லாம் பஞ்சு வச்சது இந்தக் கைதான். அதை நினைச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது. என் கண்ணு போனது கூடப் பெரிசில்லை.

இன்னிக்கு மந்திரி வர்றாரில்ல? இனிமே நாடு பூரா இந்த ஒரு டெஸ்ட்தான், பழசு எதுவும் கிடையாதுன்னு அறிவிக்கப் போறாராமே. அது மட்டும் ஆயிடுச்சுன்னா, என்னை மாதிரி ஆளுங்களுக்கு அந்த முன்னாடி பின்னாடி கூட மிஞ்சாது.

இந்தா, இதை நீயே பிடி. நேராப் பிடிச்சுப் படிச்சுச் சொல்லு. எங்களை ஜோடியா மேடைக்குக் கூப்பிடறது அந்த அறிவிப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?

நல்லாப் பாரு. முன்னாடிதானே?

மேடைப் படிக்குக் கைப்பிடி இருக்கா? இல்லையா. வேண்டாம் வேண்டாம், வைக்கச் சொல்லாதே. அப்படியே இருக்கட்டும்.

அக்கா வர்றாங்கன்னு உங்க தலைவர்கிட்ட போய்ச் சொல்லு. கைப்பிடி இல்லேன்னா நான் அவரு கையைத்தான் பிடிச்சுக்கணும். சர்க்கரையில கண்ணைத் தொலைச்சுட்டுக் காலால தடவித் தடவிப் படி ஏறறவங்களை வாழ்நாள் பூராப் பார்த்த மனுஷன். முதல் படியிலயே தெரிஞ்சுக்குவாரு.

விழா முடிஞ்சுதான் சாப்பிடுவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. பரவாயில்லை. இந்த ஒரு தடவை முன்னாடியே தெரிஞ்சுக்கட்டும்.