சுவரில் ஒட்டாத கடிதங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் கோல்ஃப் சங்கத்தில் வேலை பார்த்தவன், ஒரு தடவைகூட மட்டையைப் பிடித்து வீசியதில்லை. அணியோடு வெளியூர் போகும்போது விமான டிக்கெட், அறைச் சாவி, சலவைக்குப் போன சட்டை, யாருக்கு எந்தத் தலையணை ஒத்துக்கொள்ளும் என்பதெல்லாம் என் பொறுப்பு. கூடவே தபாலும். அதனால் ஆட்டக்காரர்கள் என்னை ‘தபால் அண்ணன்’ என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அந்தத் தபாலைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன்.

கோல்ஃப் தனி ஆள் விளையாட்டு. வருஷம் முழுக்க ஒருத்தனை ஒருத்தன் முந்தப் பார்க்கிறவர்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றே நாள், ஒரே நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு பேராக நின்று இன்னொரு நாட்டின் பன்னிரண்டு பேரோடு மோதவேண்டும். பரிசுப் பணம் கிடையாது. கோப்பையும் கொடியும்தான். அவர்களுக்கு எப்படி ரோஷம் வரவைப்பது என்பது வருகிற கேப்டன்களுக்கெல்லாம் தீராத தலைவலி. ஒருத்தர் பழைய போர்வீரரைக் கூட்டிவந்து பேசவைத்தார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

சுவர் யோசனை என்னுடையது. ஜனங்கள் அணிக்கு எழுதும் கடிதங்களை, ஆட்டக்காரர்கள் கூடிச் சாப்பிடும் அறைச் சுவரில் ஒட்டுவது. காலையில் நான்தான் பையைப் பிரிப்பேன். நல்லது சுவருக்கு, வசவு குப்பைக்கு. நாற்பது வயதுத் தடியன்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோணல் எழுத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டக்காரர்களைவிட எனக்குத்தான் அடிக்கடி கைக்குட்டை தேவைப்படும். கொடியைப் பார்த்தால் அழுகை வருவதை அப்போதெல்லாம் ஒரு தகுதி என்றே நினைத்திருந்தேன்.

நெட்டை அணிக்கு வந்தபோது அவனுக்கு இருபத்தெட்டு வயது. ஆறடி நாலங்குலம், அதனால் அந்தப் பெயர். பதினாறு வயதிலேயே பயிற்சிக்காக வெளிநாடு போனவன். பெண்டாட்டி, மகள் எல்லாம் அங்கேதான். அம்மா மட்டும் இங்கே, அவன் பிறந்த வீட்டில் தனியாக. தனியாக ஆடினால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. அணிக்கு வந்தாலோ, மாமியார் வீட்டில் முதல் நாள் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி ஓரமாக உட்கார்ந்திருப்பான். முதல் கோப்பையின் முதல் நாள் இரண்டு ஆட்டத்தையும் தோற்றான். கேப்டன் என்னிடம் வந்து புலம்பினார், இவனுக்கு உடம்புதான் இங்கே இருக்கிறது, நாடாவது ஒன்றாவது என்று.

இரண்டாம் நாள் காலை நான் ஒரு தவறு செய்தேன். இதை உண்மையிலேயே தவறு என்று எழுதிக்கொள்ளலாம். வசவுக் கடிதம் ஒன்று குப்பைக்குப் போகாமல் அவனுக்கு வந்த கடிதங்களோடு சேர்ந்து அவன் கைக்குப் போய்விட்டது. ‘நீ எங்கள் சட்டையை வாடகைக்குப் போட்டிருப்பவன்’ என்று ஒரே வரி. அதை முட்டையும் ரொட்டியும் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அன்று ஐந்து குழி வித்தியாசத்தில் ஜெயித்தான். திரும்பி வந்தவன் என்னிடம் கேட்டான்.

“அதை எழுதினவர் இன்னிக்கு டிவி பாத்திருப்பாராண்ணே?”

பார்த்திருப்பார் என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நல்ல கடிதம் முப்பது படித்தும் அசையாதவன், ஒரு வசவுக்கு எழுந்து நின்றுவிட்டான்.

மூன்றாம் நாள் காலை பையில் இன்னொரு வசவு கிடைக்குமா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஜெயித்தவனை யார் திட்டுவார்கள். அவன் பெயருக்கு நாற்பத்திரண்டு கடிதம் வந்திருந்தது, நாற்பத்திரண்டும் அன்பு. அவற்றைச் சலவை அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கேயே இஸ்திரி மேஜையில் உட்கார்ந்து இடது கையால் நாலு வரி வசவு எழுதினேன். உறையில் போட்டு, தபாலில் வந்ததுபோல் அவன் கையில் கொடுத்தேன். அவன் ஜெயித்தான், நாம் கோப்பையை வாங்கினோம். கேப்டனைத் தோளில் தூக்கி ஆடினார்கள். நானும் கைதட்டினேன்.

ஒரு வேலையைத் தொடங்கினால் அதை ஒழுங்காகச் செய்யாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. சுவரில் அன்பும் கையில் வசவுமாக இருந்தால் அவன் எதை நம்புவான்? ஆகவே அடுத்த கோப்பையில் அவனுக்கு வந்த நல்ல கடிதங்களைச் சுவருக்கு அனுப்பவில்லை. என் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டேன். இரண்டு வருஷ இடைவெளியில் சூடு ஆறிவிடக் கூடாதே என்று அவன் வெளிநாட்டு வீட்டு முகவரிக்கும் அவ்வப்போது எழுதினேன். ஒரே ஆள் எழுதுவதாகத் தெரியக் கூடாது அல்லவா. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், லாரி டிரைவர் ஒருவர், மகனைப் போரில் பறிகொடுத்த தாய் ஒருத்தி. டிரைவருக்கு எழுத்துப்பிழை வைத்தேன். அந்தத் தாயின் கடிதத்தை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

இரண்டாவது கோப்பையும் நமக்கு. மூன்றாவதும் நமக்கு. அவன் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

அவன் எப்படி ஆனான் என்று கேட்டீர்கள். இளைத்தான். பந்தயம் இல்லாத நாளில் ஊருக்கு வந்தால் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, கடைத்தெருப் பக்கமே தலைகாட்டாமல் திரும்பிவிடுவான். மூன்றாவது கோப்பை ஜெயித்த மறுநாள் விமான நிலையத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இன்னும் ஒரு கோப்பை ஆடிவிட்டு ஓய்வு, அதன்பிறகு குடும்பத்தோடு இங்கேயே வந்து அம்மாவோடு இருக்கப்போகிறேன், மகளை நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே சேர்க்கவேண்டும் என்றான். இத்தனை வருஷம் ஆடியதே அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதற்காகத்தான் என்றும் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்கண்ணே. தபாலெல்லாம் நீங்கதான் பிரிக்கிறீங்க. நம்ம ஊர்ல என்னை யாருக்காவது பிடிக்குமா?”

பரணில் அப்போது மூன்று பை நிறைந்திருந்தது. ஒரு சிறுமி அவனைப் படமாக வரைந்து, காகிதத்துக்குள் அடங்காததால் காலுக்குத் தனித்தாள் ஒட்டி அனுப்பியிருந்தாள். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. வாயைத் திறக்கவும் திறந்தேன்.

“ஜெயிக்கிறவனை யாருக்குப்பா பிடிக்காது?”

இன்னும் ஒரு கோப்பை பாக்கி இருந்தது மேடம். சரி என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். இந்த விசாரணையில் நீங்கள் எத்தனையோ கேட்டுவிட்டீர்கள், எதற்கும் எனக்குத் தூக்கம் கெடவில்லை. அவன் கேட்டதற்குத்தான் கெடுகிறது.

நாலாவது கோப்பை கடைசி நாள், கடைசி ஆட்டம், கடைசிக் குழிவரை வந்துவிட்டது. குழிக்கு நாலடி தூரத்தில் பந்து. தட்டிவிட்டால் கோப்பை நமக்கு. வேறு எங்கே என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருப்பான். அன்று குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான், யாரையோ தேடுகிறவன் மாதிரி. பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது.

அன்றே ஓய்வை அறிவித்தான். அம்மா வீட்டுக்கே வந்தான், குடும்பத்தோடு. தெருவில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, விளையாட்டுன்னா அப்படித்தான் தம்பி, விடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாராம். மகளைப் பள்ளியில் சேர்த்தான். சேர்த்த வாரத்தில்தான் அந்தக் கடைசிக் கடிதம், இருபத்துமூன்றாவது, அந்த வீட்டு முகவரிக்கு வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது. நான் எழுதினேன்.

அதைப் பிரித்தது அவன் அம்மா. மகனுக்குப் பாராட்டு என்று நினைத்துச் சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கத் தொடங்கினாராம். பிள்ளை எந்தப் பள்ளிக்கு எந்த வழியாகப் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும் என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டாராம். பத்து நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலு பேரும் வெளிநாட்டுக்கே கிளம்பிவிட்டார்கள். எழுபத்தாறு வயதில், பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஊரில், அந்த அம்மா நாலு மாதம்தான் உயிரோடு இருந்தார். அடக்கமும் அங்கேயே நடந்தது. ஊருக்குக் கொண்டுவரவேண்டும் என்று அவர் கேட்டிருந்தும் அவனுக்கு வரத் துணிச்சல் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஒரு பள்ளிக்கூட டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகள் ஆறு வருஷமாக எழுதிய கடிதங்கள் கிடைத்தனவா என்று அவன் பெண்டாட்டியைத் தேடிப்பிடித்துக் கேட்க, அந்தப் பெண் சங்கத்தைக் கேட்க, நீங்கள் என் பரணுக்கு வந்தீர்கள். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

நேற்று அவன் பெண்டாட்டி அனுப்பிவைத்த வசவுக் கடிதங்கள் இருபத்துமூன்றையும் மேஜைமேல் பரப்பி, எது எது உன்னுடையது என்று கேட்டீர்கள். எல்லாம் என்றேன். எதற்காக என்றீர்கள். அணிக்காக, நாட்டுக்காக என்றேன். கடைசிக் கடிதத்தின் முத்திரைத் தேதியை மட்டும் விரலால் காட்டினீர்கள்.

ராத்திரி முழுக்க அதற்குப் பதில் தேடினேன். கோப்பை தோற்றுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவன் ஓய்வு பெற்றாகிவிட்டது. அடுத்த ஆட்டம் என்று ஒன்று கிடையாது, யாருக்கும் ரோஷம் ஏற்றவேண்டியதில்லை. வாத்தியார், டிரைவர், தாய் யாருடைய குரலையும் அன்று நான் தேடவில்லை. டிவியில் அந்த நாலடியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன், ஒரே மூச்சில் எழுதினேன், ஒரு சொல்கூட அடிக்கவில்லை. அவன் மகளின் பள்ளிக்கூடத்தை எனக்குச் சொன்னவன் அவன்தான், அண்ணன் என்று நம்பி.

அவனுக்குத் தகவல் அனுப்பும்போது இதைச் சேர்த்து எழுதுங்கள் மேடம். அவன் கேட்டதற்கு நான் பாக்கி வைத்த பதில். அந்த முதல் ஒரு வரியை எழுதினவர்கூட அவன் ஜெயித்த அன்றே அதை மறந்திருப்பார். அதன்பிறகு இந்த நாட்டில் அவனைப் பிடிக்காதவன் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அது நான்தான்.