இலை மறைக்காத படம்

கறிவேப்பிலைச் செடிக்காகத்தான் அந்தக் கத்தரிக்கோலை வாங்கினேன். பொங்கோலில் எங்கள் வீட்டு வாசலில், தொட்டியில் வளர்கிறது. நுனியை அவ்வப்போது வெட்டிவிட்டால் நன்றாகத் தழைக்கும். தேக்காவில் ஒரு சாமான் கடையில் கிடைத்தது. கைக்கு அடக்கமானது, கேமராப் பையின் பக்க ஜிப்பில் சரியாக உட்காரும். நீங்கள் முதலில் அதைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், சார்.

பறவைப் படம் எடுப்பவனுக்கு இலைதான் தொந்தரவு. பறவை கூடு கட்டுவதே மறைந்திருக்கத்தான். நமக்கோ அது மறையாமல் இருக்க வேண்டும். பலர் வெட்டுகிறார்கள், வெளியே சொல்வதில்லை. நான் அளவாகத்தான் வெட்டுவேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரத்தில், ஒரு மாங்குயில் கூட்டைப் பார்த்தேன். வெளிச்சம் விழுவதற்காக ஒரு கிளையை எடுத்தேன். தாய் இரையோடு வந்ததும் குஞ்சுகளின் சிவந்த வாய்கள் ஒன்றாகத் திறந்தன. அந்தப் படத்துக்குச் சிங்கப்பூர் அளவிலான ஒரு போட்டியில் பரிசு கிடைத்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு கண்காட்சிக்கும் ஏற்பாடு செய்தார்கள். குஞ்சுகள் அன்று பிற்பகலே இறந்துவிட்டன. வெயில் கடுமையான நாள்.

மறுநாள் அங்கே போனவர் நெய்னா முகம்மது. டன்லப் ஸ்ட்ரீட்டில் கைலிக் கடை வைத்திருந்தார். எங்கள் பறவைப் படக் குழுவில் ஒருவர், பல வருஷமாக ஞாயிறுதோறும் என்னோடு படம் எடுக்க வருவார். நான் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். பரிசு அறிவித்த பிறகு என்னைக் காப்பிக் கடைக்கு அழைத்தார். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"காத்துல ஒடிஞ்ச கிளை நாராத் தொங்கும் ஷங்கர். அந்தக் கிளை உங்க வீட்டுக் கறிவேப்பிலை மாதிரி நறுக்குன்னு வெட்டியிருந்திச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பரிசைத் திருப்பிக் குடுத்துடுங்க. எப்படி எடுத்தீங்கன்னு நீங்களே குரூப்ல சொல்லிடுங்க. கண்காட்சி திறக்கிற வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் நான் சொல்லித்தான் ஆகணும் லா."

மிரட்டல் இல்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் நீங்கள் என் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. அந்தப் படத்துக்குப் பிறகு லிஃப்டில் பார்ப்பவர்கள் "மாங்குயில் அங்கிள்தானே?" என்று கேட்டார்கள். எனக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

பாய்க்குக் குளவி ஆகாது. முன்பு ஒரு தடவை ஒரே கொட்டுக்கு மூச்சு அடைத்து மருத்துவமனையில் கிடந்தார். அதிலிருந்து ஊசி மருந்து அடைத்த பேனா ஒன்று அவருடைய பையில் எப்போதும் இருக்கும். அதை எப்படிப் போடுவது என்று எங்கள் எல்லாருக்கும் காட்டினார்.

"நான் பொத்துன்னு விழுந்தா யாரும் போட்டோ எடுக்காதீங்கப்பா. முதல்ல இதை எடுத்துத் தொடையில குத்துங்க. பேண்ட் மேலயே குத்தலாம், வெக்கப்பட வேணாம்."

எல்லாரும் சிரித்தோம்.

கிராஞ்சியில் பண்ணைகளைத் தாண்டி ஒரு புதர் இருக்கிறது. அதற்குள் குளவிகள் கூடு கட்டியிருந்தன. வலசை வரும் தேன் பருந்து அப்படிப்பட்ட கூட்டைப் பிய்த்துப் புழுக்களைத் தின்னும். அந்தக் காட்சிக்காக நான் வருஷக் கணக்கில் காத்திருந்தேன். பருந்து வட்டமிட ஆரம்பித்திருந்தது. ஆனால் கூட்டை இலைகள் மூடியிருந்தன. அங்கே கத்தரிக்கோலோடு போக எனக்குத் துணிவில்லை.

பாய்க்குப் போன் செய்தேன். "நீங்க சொன்னதுதான் சரி பாய். எல்லாத்தையும் சொல்லிடுறேன். ஆனா கிராஞ்சியில ஒரு தையல்சிட்டுக் கூட்டுலயும் கிளையை வெட்டித் தொலைச்சிட்டேன். உள்ளே குஞ்சு இருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள மூடிக் கட்டணும்."

உடனே கிளம்பி வந்தார். கடையிலிருந்து கைலித் துணியை நாடா நாடாவாகக் கிழித்துக் கொண்டு வந்திருந்தார். நூல் இலையை அறுத்துவிடுமாம்.

"நல்ல மனசுதான் ஷங்கர் உங்களுக்கு. கொஞ்சம் லேட்டா வருது, அவ்வளவுதான்."

"பையைக் குடுங்க பாய், கிளையில மாட்டும்," என்றேன். கொடுத்தார். போனும் அதில்தான் இருந்தது. நான் எங்கே காட்டினேனோ அங்கே போய், குஞ்சுகள் பயந்துவிடக்கூடாது என்று மெதுவாகக் கையை நுழைத்துக் கிளையை இழுத்தார்.

நீங்கள் முதலில் விபத்து என்றுதான் எழுதினீர்கள். அந்தப் புதரில் ஒரு பறவைக் கூடும் இல்லாதபோது அவர் கையில் கைலி நாடா எதற்கு என்று பிறகு யோசித்திருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் என் பெயரைச் சொன்னார். பிறகு "பை" என்றார். பிறகும் அதையே சொன்னார், குரல் வரவில்லை. பை என் முக்காலிக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் மறைப்பு வலைக்குள் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் பருந்து போய்விடும். இயற்கையில் நடப்பதில் தலையிடக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. பாய்தான் அதை எல்லாருக்கும் அடிக்கடி சொல்வார்.

அவர் அசைவது நின்றது. இழுத்ததில் கிளை முறிந்து கூடு முழுவதும் வெளியே தெரிந்தது. பருந்து இறங்கியது. அது தின்று முடித்துப் பறந்த பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

அடக்கம் முடிந்ததும் அவர் மகள் அஃப்னா என்னிடம் வந்தாள். "அத்தாவோட கடைசிப் படம் ஏதாச்சும் இருக்கா அங்கிள்? நீங்கதானே கூட இருந்தீங்க?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அது பொய்யில்லை, சார். கேமரா கார்டு உங்களிடம்தான் இருக்கிறது, பாருங்கள். பருந்தும் கூடும் மட்டுமே இருக்கும். பாய் விழுந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே, நான் அவரைப் படம் எடுக்கவில்லை.