மருந்துக்கடைக்காரரின் பிரேக்

உங்கள் போலீஸ் ஜீப்பின் பின்பக்க இடது சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது, ஐயா. நீங்கள் வாசலில் நிறுத்தும்போதே பார்த்தேன். போகிற வழியில் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் டயரின் ஓரம் தேய்ந்துவிடும். நாற்பத்தோரு வருடமாக மெக்கானிக். யார் வண்டியைக் கண்டாலும் என் வாய் சும்மா இருக்காது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கார் முழுக்கச் சேறும் சருகும் அப்பிக் கிடக்க, முன்சக்கரங்களுக்குள் இருக்கிற நாலு போல்ட் மட்டும் எப்படிப் பளபளவென்று இருக்கின்றன? கெட்டிக்காரர்தான் நீங்கள். நேற்று மோட்டார் சங்கத்திலிருந்து வந்த நிபுணர் பெடலை ஒரு மிதி மிதித்தார், "பிரேக் நன்றாக உள்ளது, ஓட்டியவரின் தவறு" என்று எழுதினார், சாப்பிடப் போய்விட்டார். உங்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

மருந்துக்கடை ஆர்ரிகோவை எனக்குப் பிடிக்கும். முப்பத்திரண்டு வயது, சிரித்த முகம், சிவப்பு நிறத்தில் இருவர் உட்காரும் கார். எங்கள் மோந்தெர்பியாவின் மலைப் பந்தயம் சனிக்கிழமை. புதன்கிழமை அவர் காரின் முன் காலிப்பர்கள் இரண்டையும் கழற்றிப் புது ரப்பர் போட்டு மாட்டினேன். பிரேக் பிடித்தால் சக்கரத்தின் தட்டைக் கவ்விக்கொள்கிற சமாச்சாரம்தான் காலிப்பர். வியாழக்கிழமை காலையில் திரும்பி வந்தார்.

"மாஸ்டர், பெடலு ரிக்கோட்டா பாலாடைக்கட்டியை மிதிக்கிற மாதிரி மெத்துன்னு இருக்கு," என்றார். என் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். பந்தய வாரத்தில் மதுக்கடையே அங்கே குடிவந்துவிடும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

நான் முறைப்படிதான் பார்த்தேன். குழாய்களில் எங்கும் கசிவு இல்லை. ரப்பர்க் குழாய் உப்பவில்லை. பெடலை அழுத்திப் பிடித்தால் அது கீழே இறங்கிக்கொண்டே போகவில்லை, ஆகவே பம்பில் கோளாறு இல்லை. நாலைந்து முறை அடுத்தடுத்து மிதித்தால் கெட்டியாகி மேலே வந்தது. அப்படியென்றால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம். ஆர்ரிகோவின் மனைவி இலாரியாவைச் சீட்டில் உட்காரவைத்து, "மிதி, பிடி, விடு" என்று சொல்லிச் சொல்லிக் காற்றெடுத்தேன். ஒரு டப்பா ஆயில் தீர்ந்தது. பெடல் அப்படியே மெத்தென்று இருந்தது.

அவள் இறங்கி வந்து சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். கடையில் ஊசி போடுகிறவள் அவள்தான்.

"அண்ணே, காத்து வெளிய வர்ற குமிழ் கீழ்ப்பக்கமா இருக்கே? ஊசியில காத்தெடுக்கணும்னா நாங்க ஊசியை மேல தூக்கித்தானே பிடிப்போம்?"

பார்த்தேன். இடதுபக்கத்துக் காலிப்பரை வலதில் மாட்டியிருந்தேன், வலதுபக்கத்ததை இடதில். குமிழ் கீழே, காற்று மேலே. வருடம் முழுக்கக் காற்றெடுத்தாலும் அது வெளியே வராது. முதல் மாதம் வேலைக்குச் சேர்ந்தவன் செய்கிற தவறு.

நீங்கள் வெளியூர், உங்களுக்கு குவால்த்தியேரோவைத் தெரியாது. அவரும் மெக்கானிக்தான். நாற்பத்தொன்பதாம் வருடம் ஒரு பம்பைத் திருப்பி மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் "தலைகீழ்". அவருடைய பெண்கள் தலைகீழ் வீட்டுப் பெண்கள். போன குளிர்காலத்தில் அவர் இறந்தபோது ஊர்ச் சுவர்களில் ஒட்டிய மரண அறிவிப்பில், கறுப்புக் கட்டத்துக்குள், சிலுவைக்குக் கீழே அந்தப் பெயரைத்தான் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். பட்டப்பெயர் போடாவிட்டால் செத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரை அவருக்கு வைத்தவன் நான்.

வாசலில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சிரித்தேன்.

"நீ குனிஞ்சு பார்க்கிறேம்மா, அதான் உனக்குத் தலைகீழாத் தெரியுது. ஊசியை நீ பாரு, காரை நான் பார்த்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கூச்சப்பட்டு அவளும் சிரித்தாள். நான் சக்கரத்தை மாட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன் சரிசெய்துவிடலாம் என்று சத்தியமாக நினைத்தேன். ஆனால் ஆர்ரிகோ அன்று மாலையே காரைச் சதுக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பாதிரியார் வந்து எல்லாக் கார்களுக்கும் புனித நீர் தெளித்தார். அது விழுந்த பிறகு பந்தயம் வரை எந்தக் காரிலும் ஸ்பேனர் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பட்டே ஆகவேண்டுமென்றால் காரணத்தைப் பாதிரியாரிடமும் மற்ற ஓட்டுநர்களிடமும் உரக்கச் சொல்லவேண்டும். யோசித்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை, புறப்படும் கோட்டில், ஆர்ரிகோ கண்ணாடியை இறக்கினார்.

"மாஸ்டர், இன்னும் மெத்துன்னுதான் இருக்கு. ஓட்டலாமா?"

"ரெண்டு தரம் மிதிச்சா கெட்டியாயிடும், தம்பி. பந்தயக் கார்னா அப்படித்தான். பயமா இருந்தா இறங்கிடுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

பாதை மேலே ஏறுகிறதுதான், ஆனால் நடுவில் கணவாயைத் தாண்டியதும் ஒரு இறக்கம் உண்டு. அதன் அடியில் வளைவு, வளைவில் செஸ்ட்நட் மரங்கள். இரண்டாவது தரம் மிதிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கார் பக்கவாட்டில் போய் மரத்தில் மோதியது, அவர் உட்கார்ந்திருந்த பக்கம். முன்சக்கரங்களுக்குச் சேதம் இல்லை.

ஊரில் இழுவை வண்டி என்னிடம்தான் இருக்கிறது. நிபுணர் வரும்வரை கார் என் முற்றத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஊரே மருந்துக்கடை வீட்டுத் துக்கத்தில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு காலிப்பர்களைக் கழற்றி, போல்டுகளைத் துடைத்து, பக்கம் மாற்றி மாட்டினேன். அழுக்கு போல்டை நான் மாட்டுவதில்லை, அது பழக்கம். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டை முட்டுக்கொடுத்துத் தனியாளாகவே காற்றெடுத்தேன். ஐம்பது நிமிடம். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு பிரேக் வேலை செய்ததில்லை.

நாலு மணிக்கு இலாரியா தனியாக வந்தாள். நேராகப் போய்ச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். குமிழ் மேல்பக்கம் பார்த்திருந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு நொறுங்கிய கதவு வழியே காலை விட்டுப் பெடலை மிதித்தாள். கல் மாதிரி இருந்தது.

"அப்போ நான்தான் அன்னிக்குச் சரியாப் பார்க்கலை," என்றாள். "நேத்துலேர்ந்து மனசுக்குள்ள உங்களைக் கொலைகாரன்னு திட்டிட்டே இருந்தேன், அண்ணே. என்னை மன்னிச்சிடுங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆர்ரிகோ பதறியிருப்பார், சின்ன வயசு, யாரும் குறை சொல்லமுடியாது என்று ஆறுதல் சொன்னேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நாற்பத்தோரு வருட வேலையைச் சந்தேகப்பட்ட பெண்ணை வேறொருவன் என்றால் ஊர் முழுக்கச் சொல்லி அவமானப்படுத்தியிருப்பான். நான் அவளை அங்கேயே, அந்த நிமிடமே மன்னித்துவிட்டேன்.