நாலாவது இட்லித் துணி

...சரி, காது குடுத்துக் கேக்கறதப் பத்திப் பேசிட்டு இருந்தேன். மூணாவது வரிசையில ரெண்டு பேரு கொட்டாவி விடறீங்க... பாத்துட்டேனுங்க! அறிவுரைய ஓரமா வெச்சுட்டு, சின்னதா ஒரு கதை சொல்றேன். இதுக்காவது முழிச்சிருங்க.

பீளமேட்டுல வெள்ளியங்கிரின்னு ஒருத்தர். மோட்டார் பம்பு செய்யற கம்பெனியில முப்பது வருஷம் ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஆனா கை சும்மா இருக்குமா? அந்தக் கைக்கு ஒரு ஸ்பேனர் சிக்குனா, வீட்டுல ஒரு ஸ்க்ரூ நிம்மதியா இருக்குமா? இருக்காதுங்க! மிக்ஸி, ஃபேனு, தையல் மெஷின்... எல்லாம் ஒரு ரவுண்டு கழட்டி மாட்டினதுதான்.

அவர்கிட்ட ஒரு அம்பாசிடர் கார். அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. மக இந்துமதி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்ததே அதுலதான். இப்ப அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம். என்ன கேட்டுச்சு தெரியுங்களா? "அப்பா... மண்டபத்துக்கு நான் நம்ம வண்டியிலதான் போவேன். நீங்கதான் ஓட்டணும்." பெத்தவனுக்கு எப்படி இருக்கும்? கண்ணு கலங்கிருச்சு மனுசனுக்கு. "ஆகட்டும் கண்ணு"ன்னு வாக்குக் குடுத்துட்டாரு.

வாக்குக் குடுத்தாச்சு... வண்டி ஓடணுமே! அது நாலு அடி போனா இருமுது, அஞ்சாவது அடியில நின்னுருது. சம்சாரம் சுலோச்சனா மெதுவா கேட்டாங்க. "ஏனுங்க... மெக்கானிக்கக் கூப்பிடலாமுங்களா?" வந்துச்சு பாருங்க கோவம்! "அப்ப முப்பது வருஷம் நான் கம்பெனியில பல்லாங்குழி ஆடிட்டு இருந்தனா?"

கல்யாணத்துக்கு அஞ்சு நாள் இருக்கறப்ப கார்புரேட்டரக் கழட்டினாரு. இஞ்சினுக்குப் பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்கற சாமானுங்க அது. கழட்டினா அந்த இடத்துல ஒரு ஓட்டை. உள்ள தூசி போயிரக் கூடாதுல்ல? சுத்தமான துணியா ஒண்ணு எடுத்துட்டு வந்து ஓட்டையில அடைச்சாரு. நல்ல பழக்கம்! கார்புரேட்டரக் கழுவினாரு, துடைச்சாரு, தூக்கி மறுபடி மாட்டினாரு, நட்டெல்லாம் இறுக்கினாரு. செல்ஃப் அடிச்சாரு... கிர்ர்ர்... கிர்ர்ர்... ம்ஹூம்!

சிரிக்கிறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. அவருக்குத் தெரியலயே!

மறுநாள் ஸ்பார்க் பிளக்கக் கழட்டிட்டு இருக்காரு. சுலோச்சனா சமையக்கட்டுல இருந்து வந்தாங்க. "ஏனுங்க... இட்லித் துணி ஒண்ணு காணோம். நாலு தட்டுக்கு மூணு துணிதான் இருக்குது. பாத்தீங்களா?" "போ புள்ள! வேலையா இருக்கேன்ல?"

அதுக்கும் அடுத்த நாள் பெட்ரோல் டேங்கக் காலி பண்ணிக் கழுவறாரு. "ஏனுங்க... அந்த இட்லித் துணி..." "இங்க இஞ்சினே மூச்சுப் பேச்சில்லாம கெடக்குது, உனக்கு இட்லியா முக்கியம்?"

அதுக்கு மறுநாள் ஆயில் மாத்தறாரு. பழசக் கீழ இறக்கினவரு அடைப்பானத் திருப்பிப் போட மறந்துட்டாரு. மேல இருந்து புது ஆயில ஊத்த ஊத்த... அது பாட்டுக்குக் கீழ ஓடுது! கல்யாணத்துக்குன்னு புதுசாப் பதிச்ச வாசக்கல்லு முழுக்கக் கருப்பு. சுலோச்சனா அதப் பாத்தாங்க. "இட்லித் துணி..."ன்னு மட்டும் ஆரம்பிச்சாங்க. "இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுத்தீன்னா பாரு!"ன்னு கத்திட்டு, அடைப்பானப் போட்டு வேற ஆயில் ஊத்தினாரு மனுசன்.

விடிஞ்சா மண்டபத்துக்குப் பொண்ணு கெளம்பணும். ஒரம்பரை எல்லாம் வந்தாச்சு, வீடு நெறைய சொந்தக்காரங்க. மச்சினன் கேக்கறாரு, "மாமா, டாக்ஸி சொல்லிரட்டுமா?" பொண்ணு உள்ள இருந்து எட்டிப் பாக்குது. வெள்ளியங்கிரி அந்த மொகத்தப் பாத்துட்டு வாசப்படியில பொத்துன்னு உக்காந்துட்டாரு. "நான் தோத்துட்டேன் சுலோச்சனா. எல்லாத்தையும் பாத்துட்டேன். எங்க கோளாறுன்னே தெரியல"ன்னு ஸ்பேனரக் கீழ போட்டுட்டாரு.

அந்தம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. "கோபப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கார்புரேட்டரக் கழட்டின அன்னிக்கு... கொடியில இருந்து ஒரு வெள்ளத் துணிய எடுத்துட்டுப் போனீங்களே... அத என்ன பண்ணீங்க?"

மனுசன் எந்திரிச்சு ஓடினாரு பாருங்க! கார்புரேட்டரக் கழட்டினாரு. ரெண்டு விரல விட்டு இழுத்தாரு. வருது... வருது... பெட்ரோல்ல ஊறின இட்லித் துணி! மறுபடி மாட்டி, பழைய டப்பாவுல இருந்த கொஞ்சம் பெட்ரோல ஊத்தி, ஒரே ஒரு செல்ஃப். இஞ்சின் பிடிச்சுக்கிச்சு! பொண்ணு ஓடி வந்து அப்பனக் கட்டிக்கிச்சு.

மறுநாள் காலையில மாலையும் பூவுமா வண்டி நிக்குது. பொண்ணு பின்னாடி ஏறியாச்சு. வெள்ளியங்கிரி ஸ்டியரிங் பிடிச்சுட்டாரு. பக்கத்துல உக்காந்த சுலோச்சனா கேக்கறாங்க, "ஏனுங்க... டேங்கக் கழுவினீங்களே, பெட்ரோல் போட்டீங்களா?"

ரெண்டு நாள் முன்னாடியா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு? "எனக்குத் தெரியும், சும்மா உக்காரு!" இப்ப? மாலை தட்டாம கதவத் தொறந்து, எறங்கிப் போய் மூடியத் தொறந்து பாத்தாரு. டேங்க்ல வாசம்தான் இருந்துச்சு. நேத்து ஊத்தின கொஞ்சமும் தீந்திருச்சு! கேன்ல பெட்ரோல் வாங்கிட்டு வந்து ஊத்தினப்புறம்தான் வண்டிய எடுத்தாரு. எறங்கிப் பாக்காம கெளம்பியிருந்தா, அவினாசி ரோட்டு நடுவுல பட்டுச்சேலையோட பொண்ணு வண்டி தள்ளியிருக்கும்!

இதுல கோளாறு எங்கய்யா இருந்துச்சு? பிளக்குலயா? டேங்க்லயா? அவரு தன் கையாலயே அடைச்ச துணியில! அத எடுக்கற வழி மூணு நாளா, மூணு தடவ, வாசல்ல வந்து நின்னு கேட்டுச்சு. காதுல விழுந்துச்சு, ஆனா காது குடுக்கல. நாமளும் இப்படித்தானுங்க. வீடு ஓடலைன்னா ஊரு மேல, விதி மேல, மாமியார் மேல எல்லாம் சந்தேகம் வரும். நான் எங்க எதை அடைச்சு வெச்சேன்னு மட்டும் தோணாது. அதப் பாத்த ஆளு வீட்டுக்குள்ளயே இருப்பாங்க. அவங்களத்தான் நாம அதட்டி உள்ள அனுப்பிட்டு இருப்போம்.

அதோ... பின்னாடி ஒரு அம்மா ரொம்ப நேரமாச் சிரிக்கிறாங்க. பக்கத்துல உக்காந்திருக்கற ஐயா... ஆமாங்க, உங்களத்தான்... வீட்டுக்குப் போனதும் மொத வேலையா, என்ன காணோம்னு அவங்ககிட்டக் கேளுங்க!