மூன்று பேர் ஆட்டம்

எங்கள் வீதியில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பது எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டரம்மா. அதைக் குற்றமென்றால் துடியலூரில் பாதிப் பெண்களை நீங்கள் ஜீப்பில் ஏற்ற வேண்டியிருக்கும்.

மாஜாங் பற்றிக் கேட்டீர்கள். சீட்டாட்டம் மாதிரிதான், சீட்டுக்குப் பதில் சின்னக் கட்டைகள். நால்வர் உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் மலேசியாவில், ஈப்போவில் வேலையிலிருந்தபோது பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் கற்றுக்கொடுத்தது. ஊர் திரும்பி எங்கள் வீதி மாசாணியம்மாளுக்கும் நஃபீசாவுக்கும் பழக்கவே ஒரு வருஷம் ஆனது. அவர் தவறிய பிறகு புதன்கிழமை மத்தியானம்தான் எனக்கு வாரம். மற்ற ஆறு நாளும் சுவரைப் பார்த்திருப்பேன்.

நாலாவது ஆள் பொள்ளாச்சிக்குக் குடிபோனதும் லோகப்பிரியாவை நானேதான் கூப்பிட்டேன். புருஷன் பட்டாளத்தில், அஸ்ஸாமில். வந்தவள் ஜோக்கர் சேர்த்தாள். "எங்க கேம்ப்ல இப்படித்தானுங்கக்கா." பிறகு ஒவ்வொரு விதியாக மாற்றப் பார்த்தாள். நான் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஏனுங்கக்கா, இது வெளையாட்டா, கோர்ட்டா?" என்று மாசாணியம்மாள் சிரித்தாள். அடுத்த புதன் மூவரும் லோகப்பிரியா வீட்டில். மூன்று பேரே ஆடும் முறை ஒன்றும் இருக்கிறதாம். நான் தேவையே இல்லை.

ஏழு புதன்கிழமை நான்கு பக்கமும் நானே மாறி மாறி உட்கார்ந்து ஆடினேன். சிரிக்காதீர்கள்.

எட்டாவது வாரம் ரேஷன் கடை வரிசையில் மாசாணியம்மாளிடம் சொன்னேன்: "உங்கூட்டுக்காரரு அந்தூட்டுக்கு அடிக்கடி போறாப்பல இருக்குதே, அம்மணி."

வரிசை முழுக்கக் கேட்டது. அவள் புருஷன் பாலுசாமி போனது ஒரே தடவை, பெண்டாட்டிக்குக் குடை கொடுக்க. அதை ஜன்னலில் பார்த்தவளும் நான்தான். அஸ்ஸாமுக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதியவளும் நான்தான்.

லோகப்பிரியா வந்து என் காலைப் பிடித்தாள். "பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. மூஞ்சியில முழிக்காதேன்னு எழுதிட்டாருங்க."

"எனக்கென்ன கண்ணு தெரியும்? புதன்கிழமை வா, ஆடலாம். ஜோக்கர் மட்டும் வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

எங்கள் ஆட்டத்தில் ஒருத்தி எறிந்த கட்டையை எடுத்து இன்னொருத்தி ஜெயிக்கலாம். ஈப்போ முறைப்படி தோல்வி முழுக்க எறிந்தவள் தலையில். லோகப்பிரியா முறையில் எல்லோருக்கும் பங்கு. அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று மாசக்கணக்கில் மல்லுக்கட்டினேன்.

நான் எறிந்தது ஒரு வார்த்தை. எடுத்து ஆடியது வீதி முழுக்க. இப்போது யோசித்தால், அவள் முறைதான் நியாயமாகப் படுகிறது.