ஓடினவன் வம்சம்

சுதந்திரம் வந்தால் கூடவே பஞ்சமும் வருமென்று பயந்து மூன்று மூட்டை அரிசி வாங்கி அடுக்கியவன் நான். சுதந்திரம் வந்தது; அரிசியில் வண்டு வந்தது. ஆகவே காஜா பேராங் ஊர் அலுவலகத்தில் பிரஜாவுரிமைப் பதிவுக்கு வரிசையில் நின்ற அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. அன்று கடைசி நாள். நான் பதிந்துவிட்டு மழைக்கு ஒதுங்கியிருந்தேன். அவர் பின்னால் வந்தவர்களையெல்லாம் "நீங்க முன்ன போங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை பேரை விடுவீங்க?" என்றார் அவர் மனைவி.

"போனவங்க முழுசா திரும்பட்டும். பேரைக் கொடுத்தா பிடிச்சு ஊருக்கே திரும்பக் கப்பலேத்திடுவான்."

"காலையிலேருந்து போனவங்க எல்லாம் திரும்பிட்டாங்க லா."

"உனக்குப் புரியாது. தோட்டத்துக்குக் காடு வெட்டினப்போ புதர் அசைஞ்சா, காத்துதான்னு நின்னவனைப் புலி தின்னுச்சு. புலின்னு ஓடினவன்தான் பிள்ளை பெத்தான். நாமெல்லாம் ஓடினவன் வம்சம்."

"மேசை போட்டு உக்காந்து முத்திரை குத்துற புலியை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் ரசீதோடு வந்தார். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த பிறகே கணவருக்குத் தைரியம் வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது குமாஸ்தா கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

மனிதர் ஏறக்குறைய சந்தோஷமாகத் திரும்பினார். "பாத்தியா? நமக்குக் கெடைக்காதுன்னு அப்பவே சொன்னேன்."

அந்த அம்மாள் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நமக்குன்னு சொல்லாதீங்க. எனக்குக் கெடைச்சிருச்சு."